பத்து இலட்சத்தில் ஒரு பங்கு

குப்பத்தில் வாழும் நமக்குக் கோலார்ப் பொன்வயல் அயலூர் அன்று. அப்பொன்படுகையின் தென்னெல்லை குப்பத்தை அடுத்த சிகர்குண்டா வரை நீண்டு கிடக்கிறது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் புதுமுறைச் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். அன்று முதல் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெறும் வரையில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அம்மண்ணுக்கடியில் உழைத்தன. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறும் அச்சுரங்க வாயிலையோ அதன் அருகையோ தொட்டே செல்கிறது.

அச்சுரங்கத்தின் இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் ஏறத்தாழ 3 கிராம் பொன் கிடைத்தது. ஒரு டன் என்பது பத்து இலட்சம் கிராம். ஆகவே, பத்து இலட்சம் பங்கு பாறையில் மூன்று பங்கே பொன். அவ்வளவு சிறு பங்கையும் அளந்தறிந்து, 'இந்தப் பாறையை வெட்டலாம், இந்தப் பாறையை விட்டுவிடலாம்' என்று முடிவு கூற ஒருவர் வேண்டும். அவரே பகுப்பாய்வாளர். நம் முன்னோர் உரைகல்லில் பொன்னைத் தீற்றி, மாற்று அறிந்த ஆணியின் தீற்றலோடு ஒப்பிட்டுத் தரம் கண்டனர். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நாம் நல்லோரைப் போற்றுவது அக்கலையின் எச்சமேயாகும்.

பாறையில் பொன் இருப்பது போலவே, நாம் பருகும் நீரிலும் உண்ணும் தானியத்திலும் எண்ணற்ற தனிமங்கள் நுண்ணளவில் கலந்துள்ளன. அயோடின், செம்பு, துத்தநாகம், மாலிப்டினம், புளோரின், ஆர்சனிக் என்னும் இவற்றைச் சுவடுத் தனிமங்கள் என்பர் அறிஞர். சில, அளவோடு இருந்தால் உடலுக்கு உறுதி. அளவு மீறினால் கேடு. சில எந்நாளும் நஞ்சே. கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத அப்பொருள்களை அளந்து காட்டியதால், கைகால் முடங்கிக் கிடந்த மக்களின் துன்பத்திற்குக் காரணம் கண்ட இரசாயன அறிஞர்களின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகிறோம். அவ்வரலாற்றின் இந்தியப் பகுதி தொடங்குவது நமக்கு அண்மையதான நெல்லூர்ச் சீமையிலும் சென்னைக் கிண்டியிலும் என்பது நாம் அறிந்து கொள்ளத் தக்கது.

அமெரிக்காவில் ஓர் ஐயம்

கதையின் முதற்பகுதி கடல் கடந்தது. 1901-ஆம் ஆண்டில் பிரெடரிக் மக்கே என்னும் இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. தேய்த்தாலும் போகாத கறை அது. வெளியூரிலிருந்து வளர்ந்தபின் வந்து குடியேறியோர்க்கு அக்கறை இல்லை. குடிநீரே காரணம் என மக்கே ஐயுற்றார். ஆயினும் நீரைச் சோதித்தவர் எவரும் அதில் குறை காணவில்லை. தேடாத பொருளை எவ்வாறு காண்பது? முப்பது ஆண்டுகள் அவ்வையம் தீராமலே இருந்தது.

1931-ஆம் ஆண்டில் அது தீர்ந்தது. தீர்த்தவர் மருத்துவர் அல்லர். ஓர் அலுமினியக் கம்பெனியின் தலைமை இரசாயன அறிஞர் எச். வி. சர்ச்சில். அக்கம்பெனியின் சுரங்க ஊராகிய பாக்சைட்டிலும் குழந்தைகளின் பற்களில் கறை கண்டது. அலுமினியப் பாத்திரங்கள் நஞ்சு என்று அந்நாளில் சிலர் தூற்றி வந்தமையால், பழி தம் உலோகத்தின்மேல் விழுமோ என்று அவர் அஞ்சினார். வழக்கமான சோதனைகளோடு நில்லாமல், நிறமாலைக் கருவியைக் கொண்டு நீரிலுள்ள அரிய தனிமங்களையும் தேடச் செய்தார். அந்நீரில் பத்து இலட்சத்தில் 13.7 பங்கு புளோரைடு இருந்தது! கறைபடிந்த பற்கள் காணப்பட்ட பிற ஊர்களின் நீரையும் வரவழைத்துப் பார்த்தார். அங்கும் புளோரைடு மிகுந்தே இருந்தது.

கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்நாளில் சித்தூரும் நெல்லூரும் சென்னை மாகாணத்துள் அடங்கியவை. ஆந்திர மாநிலம் தனியே அமைந்தது 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் என்பதை நாம் அறிவோம். மாகாணத்தின் பொதுநல ஆய்வுகட்கு உறைவிடமாக விளங்கியது, கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம். 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அந்நிலையம் சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பாரின் பெயரைத் தாங்கியது. அம்மைப்பால் தயாரிப்பதற்கென எழுந்த நிலையம், நாளடைவில் நீரைச் சோதிக்கும் கூடமாகவும் வளர்ந்தது.

நெல்லூர் மாவட்டத்தின் மேற்கே பொதிலி, தர்சி, கனிகிரி முதலிய வறண்ட பகுதிகளில் ஒரு கொடிய நோய் பரவியிருந்தது. குழந்தைகளின் பற்கள் சுண்ணாம்பு போல் வெளுத்தும் பழுப்புக் கறை ஏறியும் இருந்தன. முப்பது நாற்பது வயதிலேயே உழவர்களின் முதுகெலும்பு விறைத்துப் போயிற்று. கழுத்தைத் திருப்ப இயலவில்லை. குனிந்து ஏர் பிடிக்க முடியவில்லை. சிலர் முற்றிலும் முடங்கிக் கோலூன்றியும் தவழ்ந்தும் வாழ்ந்தனர். கால்நடைகளும் அவ்வாறே நொண்டின. ஊழ்வினை என்றும் வாதநோய் என்றும் மக்கள் அதனை ஏற்றுக் கொண்டிருந்தனர்.

1937-ஆம் ஆண்டில் அந்நோயின் பெயர் அச்சேறியது. 'இந்தியன் மெடிகல் கெஜட்' என்னும் மருத்துவ இதழில் எச். இ. ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். இராகவாச்சாரி ஆகிய மூவர் எழுதிய கட்டுரை, நெல்லூர் மாவட்டத்து மக்களைப் பீடிப்பது புளோரின் நச்சே என்று அறிவித்தது. மூவரும் கிங் நிலையத்தைச் சார்ந்தவர்கள். ஷார்ட் புகழ்பெற்ற ஒட்டுண்ணி நூல் அறிஞர். பண்டிட், பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் முதல் இயக்குநராக விளங்கியவர். மூன்றாமவராகிய இராகவாச்சாரி நீரைப் பகுத்தாய்ந்த இரசாயன அறிஞர். அதே ஆண்டில் ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகிய நால்வர் எழுதிய மற்றொரு கட்டுரையும் வெளிவந்தது. பர்னார்டு, சென்னைப் பொது மருத்துவமனையின் எக்ஸ்-ரே நிலையத்திற்குத் தம் பெயரைத் தந்தவர். முடங்கியவர்களின் எலும்புகள் எக்ஸ்-ரே படத்தில் சுண்ணக்கட்டி போல் வெளுத்துத் தடித்திருந்ததையும், எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் எலும்பாக இறுகியிருந்ததையும் மருத்துவர் கண்டனர்.

நிற்க. படம் நோயைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. 'இன்ன கிணற்று நீரில் இன்ன அளவு புளோரைடு' என்று ஒருவர் கூறிய பின்னரே, நோயும் நீரும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. கட்டுரையின் தலைப்பில் மூன்றாவதாக நிற்கும் பெயர் அவ்வேலையைச் செய்தவரின் பெயர். அது இல்லையேல் முன்னைய இருவரும் ஐயத்தோடு நின்றிருப்பர்.

நிறம் மாறும் குழாய்

அந்நாளில் இந்த நுண்ணளவை எவ்வாறு அளந்தனர்? இன்று போல் மின்கருவிகள் அன்று இல்லை. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெரிதும் கையாளப்பட்டது நிறமாற்ற முறை. சிர்க்கோனியம் என்னும் உலோகத்தின் உப்பும் அலிசரின் என்னும் சாயமும் சேர்ந்தால் சிவப்பு நிறம் தோன்றும். அதில் புளோரைடு கலந்த நீரைச் சேர்த்தால், புளோரைடு சிர்க்கோனியத்தைத் தன்பால் இழுத்துக் கொள்ளும். சாயம் தனித்து நின்று மஞ்சளாக மாறும். எவ்வளவு மாறிற்று என்பதை, அளவு தெரிந்த கரைசல்களை நிரப்பிய கண்ணாடிக் குழாய்களோடு வரிசையாக வைத்து, வெண்தாளின்மேல் கண்ணால் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். உரைகல்லில் ஆணியின் தீற்றலோடு பொன்னின் தீற்றலை ஒப்பிட்ட நம் பொற்கொல்லர் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை யாது?

ஆயினும் இதில் இடர்கள் பல. நீரிலுள்ள சல்பேட்டும் அலுமினியமும் பாஸ்பேட்டும் நிறத்தை மாற்றி அளவைப் பிழைபடச் செய்யும். 1933-ஆம் ஆண்டில் வில்லார்டு, விண்டர் என்னும் இருவர், நீரை அமிலத்தோடு காய்ச்சி வடித்துப் புளோரைடை மட்டும் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். 1966-ஆம் ஆண்டில் பிராண்ட், ராஸ் என்னும் இருவர், லாந்தனம் புளோரைடுப் படிகத்தால் ஆன மின்முனையை உருவாக்கினர். அதன்பின், வடித்தெடுக்கும் பணி பெரும்பாலும் குறைந்து, சில நிமிடங்களிலேயே அளவு தெரியலாயிற்று.

ஓர் எண்ணைச் சொல்வதற்கு முன் அதனை எத்தனை முறை ஐயுற வேண்டும் என்பதே பகுப்பாய்வாளரின் முதற்பாடம். குழாயைக் கழுவிய நீரில் புளோரைடு இருந்ததோ? மருந்துப்பொருளே தூயதன்றோ? நீரே இல்லாத வெறுங்குழாயையும் சோதித்து, அதன் அளவைக் கழித்த பின்னரே அவர் வாய் திறப்பார். பிறர் பேச்சை ஐயுறுவது எளிது. தம் அளவைத் தாமே ஐயுறுவது அரிது. அவ்வருஞ்செயலை நாள்தோறும் செய்வதே அவர்தம் தொழில்.

நீரும் உணவும்

1940-ஆம் ஆண்டில் பண்டிட், இராகவாச்சாரி, சுப்பா ராவ், கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் தென்னிந்தியப் புளோரின் நோயைப் பற்றி விரிவானதோர் ஆய்வை வெளியிட்டனர். நீரிலுள்ள அளவை மட்டுமன்றி, மக்களின் உணவையும் வாழ்நிலையையும் அவர்கள் ஆராய்ந்தனர். நல்லுணவு பெறாத ஏழைகளிடம் நோய் கடுமையாக இருந்தது. ஒரே நஞ்சு, எல்லார்க்கும் ஒரே தீங்கைச் செய்வதில்லை; வறுமை அதற்குத் துணை நிற்கிறது என்பது அதனால் விளங்கிற்று.

அவ்வாராய்ச்சி மரபு வேறொரு நிறுவனத்திலும் தொடர்ந்தது. 1918-ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரில் மக்காரிசன் என்பார் ஒரே அறையில் தொடங்கிய உணவு ஆராய்ச்சிக் கூடம், 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, 1969-ஆம் ஆண்டில் தேசிய உணவூட்ட நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதனை நெடுநாள் தலைமையேற்று நடத்தினார். 1973-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், புளோரின் மிகுந்த பகுதிகளில் இளைஞரிடையே புதியதொரு கேடு தோன்றியிருப்பதைக் கண்டறிந்தனர். முழங்கால்கள் உட்புறமாக வளைந்து ஒன்றோடொன்று மோத, கணுக்கால்கள் விலகி நின்றன. முன்னைய நோயில் எலும்பு இறுகியது. இதிலோ எலும்பு நலிந்தது.

நீர் முன்போன்றதே, நோய் மட்டும் மாறியது ஏன்? விடை தேடும் பணி மீண்டும் பகுப்பாய்வாளர் கைக்கு வந்தது. 1974-ஆம் ஆண்டில் தியோஸ்தலே என்னும் அறிஞரும் கோபாலனும் வெளியிட்ட ஆய்வு, சோளத்திலுள்ள மாலிப்டினம் மிகுந்தால் உடலிலுள்ள செம்பு சிறுநீரில் மிகுதியாக வெளியேறுகிறது என்று காட்டியது. செம்பு குன்றினால் எலும்பின் உறுதி குன்றும். நீரில் ஒரு தனிமம், தானியத்தில் மற்றொன்று, உடலில் மூன்றாவது! இம்மூன்றும் நுண்ணளவில் கூடியும் குறைந்தும் ஓர் இளைஞனின் காலை வளைக்கின்றன என்பது அவர்கள் கருத்து. நாகார்ஜுனசாகர் அணையின் கசிவால் நிலத்தடி நீர் உயர்ந்து, மண்ணின் தனிமங்கள் பயிரில் ஏறும் அளவு மாறியிருக்கக் கூடும் என்றும் அவ்வறிஞர்கள் கருதினர். பசியைப் போக்கக் கட்டிய அணையும் இத்தகைய விளைவைத் தரக்கூடும் என்பதை அளவுகோல் ஏந்தியவரன்றி வேறு யார் கண்டிருப்பர்?

வங்கத்தில் ஒரு பேராசிரியர்

இத்துறையில் ஒருவர் தம் வாழ்நாளையே ஈந்ததற்குச் சான்றாக வங்கத்தைக் காட்டலாம். 1983-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, கிராமத்தார் சிலரின் உடலில் கரும்புள்ளிகளைக் கண்டு, அவை ஆர்சனிக் நஞ்சின் விளைவு என உணர்ந்தார். 1988-ஆம் ஆண்டில் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் பகுப்பாய்வு இரசாயனப் பேராசிரியர் தீபங்கர் சக்ரவர்த்தி அப்பணியில் இறங்கினார். 2018-ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் அதனை விடவில்லை. ஊர் ஊராகச் சென்று குழாய்க்கிணறுகளின் நீரையும், மக்களின் முடியையும் நகத்தையும் சேகரித்து அளந்தார். வங்கதேசத்திலும் அங்குள்ள மருத்துவரோடு சேர்ந்து உழைத்தார். ஆற்று நீரால் வரும் வயிற்றுநோயைத் தவிர்க்கவென்று நல்லெண்ணத்தோடு தோண்டிய குழாய்க்கிணறுகளே நஞ்சை ஊட்டின என்பது அவர் காட்டிய கசப்பான உண்மை. அங்கே அளவுகோல் இன்னும் நுண்ணியது. ஆர்சனிக்குக்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லை, ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கேயாகும்.

கிண்டியில் நீரைச் சோதித்தவர்க்கும் யாதவ்பூரில் முடியைச் சோதித்தவர்க்கும் இடையே அரை நூற்றாண்டு உண்டு. ஆயினும் இருவர் பணியும் ஒன்றே: வாய்பேச வழியற்ற ஏழையின் சார்பில், மறுக்க முடியாத ஓர் எண்ணைச் சபையில் வைப்பது.

நம் மண்ணும் நம் கிணறும்

திருப்பதியில் 1954-ஆம் ஆண்டில் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறையிலும் உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் ஆராய்ச்சிகள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. நம் குப்பத்திலோ 1997-ஆம் ஆண்டு முதல் திராவிடப் பல்கலைக்கழகம் விளங்குகிறது. கல்விக்குக் குறைவில்லை. அக்கல்வி நம் வீட்டு நீர்க்குடத்தை எட்டுகிறதா என்பதே நாம் எண்ண வேண்டுவது.

நம் நிலம் கருங்கல் நிலம். 'குப்பம் பச்சை' என்று பெயர்பெற்ற கல் கடல் கடந்தும் செல்கிறது. கருங்கல்லில் புளோரின் கலந்த தாதுக்கள் உண்டு. பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கும் நீர் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொள்ளும். சுண்ணச் சத்து குறைந்து சோடியம் மிகுந்த நீர் மேலும் மிகுதியாகக் கரைக்கும். பாலாறு வறண்டு, திறந்த கிணறுகள் தூர்ந்து, ஆழ்துளைக் கிணறுகளை ஆண்டுக்கு ஆண்டு ஆழப்படுத்தி வரும் நாம், பாறையோடு நெடுநாள் உறவாடிய நீரையே மேலே கொணர்கிறோம். இதனால் குப்பத்து நீரெல்லாம் கெட்டது என்று நாம் கூற வரவில்லை. ஒரே தெருவில் ஒரு கிணறு நன்றாகவும் அடுத்த கிணறு தீதாகவும் இருக்கலாம். அளந்தாலன்றி அறிய முடியாது என்பதே நாம் கூறுவது.

அளவு எவ்வளவு? நம் நாட்டுக் குடிநீர்த் தர விதிப்படி ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு நீர் கிடையாதவிடத்து ஒன்றரை மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம். நம் மாடியில் வைத்துள்ள ஆயிரம் லிட்டர்த் தொட்டியில் ஒரு கிராம், அஃதாவது ஒரு சிட்டிகை! கோலாரில் ஒரு டன் பாறைக்கு ஒரு கிராம் பொன் என்றால் எவ்வளவோ, அவ்வளவே இது. குறைந்த அளவு புளோரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் என்பதும் உண்மை. ஆயினும் வெப்ப நாட்டில் வாழும் நாம் மிகுதியாக நீர் பருகுகிறோம். ஆதலின் நமக்கு எல்லை குறைவாகவே இருத்தல் வேண்டும்.

தாய்மார்கள் மனங்கொள்ள வேண்டியவை சில. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். சாதாரண மெழுகுவத்தி வடிகட்டியும் அதனைத் தடுக்காது. சவ்வூடு வடிக்கும் கருவி பெரும்பகுதியை நீக்கும். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுப்புறப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-களில் வகுத்த 'நல்கொண்டா முறை', படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைத்துப் புளோரைடைக் குறைப்பது. அதனையும் நீரின் அளவறிந்தே செய்ய வேண்டும். மழைநீர் பாறையோடு உறவாடாதது. தூய்மையாகச் சேமித்தால் அதில் இவ்விடர் இல்லை. பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை, ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகும் காலத்திலேயே கறை படிகிறது. பின்னர் நல்ல நீர் தந்தாலும் அக்கறை மாறாது. எனவே சிறு குழந்தைகள் உள்ள வீடுகளே முதலில் விழிப்புறல் வேண்டும்.

பிழைக்க வந்த மண்ணில் நாம் வீடு கட்டினோம். பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். தமிழ் மறவாதிருக்கச் சங்கம் கண்டோம். அச்சங்கத்தின் ஆண்டுப் பணிகளுள், நம் காலனியின் ஒவ்வோர் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஆண்டுக்கொரு முறை அரசு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, வந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். தெலுங்கு பேசும் நம் அண்டை வீட்டாரும் அதே நீரைப் பருகுவோரே. ஆகவே அவ்வெண்ணை இரு மொழியிலும் எழுதுவோம். இரசாயனம் பயிலும் நம் மாணவ மாணவியர் அப்பணியில் முன்னிற்பாராக.

முடங்கிய உழவர்களின் துன்பத்திற்கு நெடுங்காலம் ஊழ் என்றே பெயர் இருந்தது. ஒருவர் குழாயில் நீரை எடுத்து நிறம் பார்த்தார். ஊழ் என்ற பெயர் போயிற்று, புளோரைடு என்ற பெயர் வந்தது. ஊழை மாற்ற நம்மால் ஆகுமோ ஆகாதோ, அறியோம். கிணற்றை மாற்ற நம்மால் ஆகும்.